கொலு வீற்றிருந்த ராஜாவும் கொண்டைக்கடலைச் சுண்டலும்

கொலு என்றால் பொம்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொம்மை இல்லை நண்பர்களே, தர்பார்! அகராதியைப் புரட்டினால் 'கொலு' என்பதற்கு அரசன் சபை கூட்டி வீற்றிருப்பது என்றுதான் இருக்கும். 'மன்னர் கொலு வீற்றிருந்தார்' என்று சின்ன வயதுக் கதைப் புத்தகங்களில் படித்திருப்போமே, அதே கொலு. தெலுங்கில் 'கொலுவு' என்றால் ராஜசபை. அப்படிப்பட்ட சமாசாரம் எப்படி நம் வீட்டு ஹாலில், டிரங்குப் பெட்டி மேல் வெள்ளை வேட்டி விரித்து வைக்கிற அலங்காரமாக ஆனது? மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. பதிலில் பாதி நம் ஊரைச் சுற்றியே கிடக்கிறது.

(பி.காம். படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று வகுப்பில் சிலர் கேட்பீர்கள். பொறுங்கள், நடுவில் கணக்கு வழக்கும் வருகிறது.)

முதலில் ஹம்பிக்குப் போய் வந்துவிடலாம். 1443ல் ஹெராத் நகரத்திலிருந்து அப்துர் ரசாக் என்ற தூதர் விஜயநகரத்துக்கு வந்தார். அப்போது இரண்டாம் தேவராயர் காலம். அங்கே பார்த்த ஒரு பெரிய திருவிழாவை அவர் எழுதி வைத்திருக்கிறார். அது மகாநவமி விழாதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மைதானத்தில் மூன்று அடுக்கு முதல் ஐந்து அடுக்கு வரை மண்டபங்கள். மேலிருந்து கீழ்வரை உருவங்கள்: மனிதர்கள், மிருகங்கள், பறவைகள், ஈ கொசுவைக்கூட விடவில்லையாம்! சில மண்டபங்கள் சுழலவும் செய்தன, நொடிக்கொரு காட்சி மாறியது என்கிறார். அடுக்கு, உருவம், வேடிக்கை... படிக்கும்போதே ஏதோ ஞாபகம் வருகிறது இல்லையா?

ஏறத்தாழ தொண்ணூறு வருடம் கழித்து போர்த்துகீசியக் குதிரை வியாபாரி பெர்னாவ் நூனிஸ் எழுதுகிறார். அரண்மனைக்கு எதிரே உயரமாக ஒன்பது கோட்டைகளை அமைத்து விலையுயர்ந்த துணிகளால் அலங்கரிப்பார்கள். நாட்டின் ஒன்பது பெரிய தளபதிகள் ஆளுக்கு ஒன்று செய்தாக வேண்டும். மற்ற தளபதிகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்து ராஜாவிடம் காட்ட வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தளபதிகள் ராஜாவுக்குச் செலுத்த வேண்டிய பணத்தைக் கட்டுவதும் இந்த ஒன்பது நாளையொட்டித்தான். அதாவது நவராத்திரி என்பது ஒரு பேரரசின் இயர் எண்டிங்! வசூல் முடிகிறது, கணக்கு நேராகிறது, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது ஊருக்கே தெரிகிறது. அலங்காரம் சும்மா அழகுக்கு இல்லை. ராஜா உட்கார்ந்திருந்த அந்தக் கல்மேடை, மகாநவமி திப்பா, ஹம்பியில் இன்றும் நிற்கிறது. மேலே இருந்த மரக்கட்டுமானம் போய்விட்டது. பக்கவாட்டுச் சிற்பங்களில் யானையும் குதிரையும் நாட்டியக்காரிகளும் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வழக்கம் நாயக்கர்களோடு மதுரைக்கு வந்தது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் இங்கே ஆட்சியைத் தொடங்கியபோது அவர் விஜயநகரத்தின் ஆள்தான். திருமலை நாயக்கர் (1623-1659) 1636ல் கட்டிய மகாலுக்குப் போயிருப்பீர்கள். ஒலி-ஒளி காட்சி நடக்கிற பெரிய முற்றத்தை அடுத்து, குவிமாடத்தோடு இருக்கிறதே சொர்க்கவிலாசம், அங்கேதான் நவராத்திரிக்கு நாயக்கர் சிங்காசனத்தில் கொலு வீற்றிருப்பார். சிற்றரசர்கள் வந்து வணங்குவார்கள். அடுத்த முறை போனால் தூண்களைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல் அந்த இடத்தில் நின்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள் :-)

அடுத்த கதை சுவாரசியமானது. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைமேல் வந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்ததால் 'மூக்கறுப்புப் போர்' என்று பெயர். உடம்பு முடியாமல் இருந்த நாயக்கருக்கு ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து கை கொடுத்தார். அதற்குக் கிடைத்த மரியாதைகளில் முக்கியமானது, மதுரையில் நடப்பதுபோலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி நடத்திக்கொள்ளும் உரிமை. நன்றாகக் கவனியுங்கள், சாமி கும்பிட யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கொலு வீற்றிருக்கத்தான் அனுமதி வேண்டும். கொலு வைத்தால் ராஜா, அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்தில் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் நவராத்திரிக்கு மக்களுக்கு அரிசியோடு 'அம்மன் காசு' என்ற சின்னச் செப்புக்காசையும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. காசு அடிக்கிறவன் ராஜா என்பதைக் கையில் கொடுத்தே புரிய வைத்துவிட்டார்கள்.

1801க்குப் பிறகு ஆட்சி கம்பெனி கையில். 1803ல் ராமநாதபுரம் ஜமீனாகிவிட்டது. படை இல்லை, போர் இல்லை, வரி வாங்கினாலும் வெள்ளைக்காரனுக்குக் கட்ட வேண்டும். ராஜா என்று காட்டிக்கொள்ள மிச்சம் இருந்தவற்றில் பெரியது இந்த ஒன்பது நாள்தான். 1892ல் பாஸ்கர சேதுபதி (விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் தந்தவர்) நடத்திய நவராத்திரி ஆடம்பரத்துக்குப் பேர் போனது. சில வருடங்களில் ஜமீன் கடனில் மூழ்கியது. இந்தச் செலவு மட்டுமே காரணம் இல்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அரண்மனையிலிருந்து வீட்டுக்கு எப்படி?

வரைபடத்தைப் பாருங்கள். படிகட்டிப் பொம்மை வைக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் கொலு, ஆந்திரா தெலங்கானாவில் பொம்மல கொலுவு, கர்நாடகத்தில் கொம்பெ ஹப்பா. பெரும்பாலும் விஜயநகரமும் அதன் வாரிசுகளும் ஆண்ட பூமி. மைசூர் உடையார்கள் 1610ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா தொடங்கியதும் இதே பரம்பரைதான். வங்காளத்தில் இதே ஒன்பது நாளில் ஜமீன்தார் வீட்டு துர்கா பூஜை தெருவுக்குப் போய்ப் பந்தல் ஆனது. நம் பக்கம் அரண்மனை கொலு வீட்டுக் கூடத்துக்குள் வந்து பொம்மை ஆகிவிட்டது. உலகத்தில் நாம் மட்டும் இல்லை. ஜப்பானில் மார்ச் 3ம் தேதி ஹினா பொம்மைத் திருநாள்: சிவப்புத் துணி விரித்த படிகள், மேல்படியில் சக்கரவர்த்தியும் ராணியும், கீழே தோழிகள், வாத்தியக்காரர்கள், மந்திரிகள். அதுவும் அச்சு அசல் ஒரு தர்பார்தான்.

நம் படியிலும் ராஜா இருக்கிறார். மரப்பாச்சி! செம்மரத்தில் செய்த ஆணும் பெண்ணும், ராஜா ராணி என்றுதான் சொல்கிறோம். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள், வருடா வருடம் புதுத்துணி கட்டுவார்கள். ஒற்றைப்படையில் படிகள், மேலே கலசமும் தெய்வங்களும், அப்புறம் மகான்கள், கீழே வரவர மனிதர்கள், கல்யாண செட், போலீஸ் பேண்டு, கிரிக்கெட் டீம். தரையில் கேழ்வரகோ கடுகோ முளைக்கவைத்த பார்க். நம்ம ஆள் இருப்பது கடைசிப் படியில். செட்டியாரும் அவர் மனைவியும், முன்னால் அரிசி பருப்பு உப்பு பரப்பிய பலசரக்குக் கடை. காமர்ஸ் டிபார்ட்மெண்டின் ஒரே பிரதிநிதி. ஆனாலும் தொப்பையும் சிரிப்புமாகக் குழந்தைகள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அவரைத்தான்.

இந்தச் செட்டியார்களில் பலர் பிறந்த ஊர் நமக்கு மிகப் பக்கம். திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி. தமிழைச் செம்மொழி என்று சொல்ல வேண்டும் என்று குரல் கொடுத்த பரிதிமாற்கலைஞர் 1870ல் பிறந்த அதே விளாச்சேரிதான். வேளார் குடும்பங்கள் கண்மாய் மண்ணைக் குழைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்தி முடிந்தால் கொலு, கொலு முடிந்தால் கார்த்திகை விளக்கு, அப்புறம் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். ஒரே மண், மூன்று நான்கு சீசன். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது, பணம் முடங்கும். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்குவது ஒரு தனி அலைச்சல். இதற்கிடையில் லேசான காகிதக்கூழ் பொம்மையும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையும் போட்டிக்கு. பாடப் புத்தகத்தில் 'ஒர்க்கிங் கேபிடல்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதைப் புரிந்துகொள்ள விளாச்சேரியில் ஒரு நாள் சுற்றினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தர்பார் என்றால் யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியும் கூடவே வரும். நவராத்திரியில் மீனாட்சி அம்மன் கோயில் கொலு மண்டபத்தில் அம்மனுக்கு நாளொரு அலங்காரம். மதுரைக்கே அரசி அவள்தான், அதனால் இது அசல் ராணி தர்பார். ஆனால் 1939 ஜூலை 8ம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் அந்தக் கோயிலுக்குள் போக முடியாது. அவர்கள் ராணியை அவர்கள் பார்க்க முடியாது. வீட்டுக் கொலுவிலும் இந்தக் கோடு இருந்தது. குறிப்பிட்ட சில வீடுகளில்தான் கொலு. அங்கேயும் வெற்றிலை பாக்கு, குங்குமம் சுமங்கலிகளுக்கு மட்டும்.

எங்கள் வீட்டில் கொலு வழக்கம் கிடையாது. அப்பா கடையில் ஆயுத பூஜை, அதோடு சரி. (அதுவும் ராஜா வழக்கம்தான். அவர் வாளுக்கும் குதிரைக்கும் யானைக்கும் பூஜை செய்தார், கீழமாசி வீதியில் தராசுக்கும் கணக்கு நோட்டுக்கும் பொட்டு வைக்கிறார்கள். இயர் எண்டிங் வாசனை இன்னும் போகவில்லை!) சில வருடங்களுக்கு முன் அம்மா மூன்று படியில் ஆரம்பித்தார். "நமக்கெதுக்குத்தா இதெல்லாம்" என்றார் அப்பத்தா. தாத்தா போனபிறகு எந்த வீட்டுத் தாம்பூலத்துக்கும் போகாதவர். அம்மா பதில் பேசவில்லை, பொம்மைப் பெட்டியை அவர் மடியிலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்து முதல் பொம்மை எடுத்து வைப்பது அப்பத்தாதான். வரிசையில் யாராவது கை வைத்தால் அவ்வளவுதான்!

இனி சுண்டல். மழைக்காலத்தில் உடம்புக்குப் புரதம் வேண்டும் என்று முன்னோர்கள் விஞ்ஞானபூர்வமாகக் கண்டுபிடித்தது என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் அதைவிட எளிமையானது. பயறு டப்பாவில் கெடாமல் இருக்கும். அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத ஒன்பது சாயங்காலங்களுக்கு இதைவிட மலிவான பண்டம் கிடையாது. இலை போட வேண்டாம், பேப்பரில் மடித்துக் கொடுக்கலாம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைகிற மொச்சையும் தட்டாம்பயறும் (சென்னைக்காரர்களுக்குக் காராமணி) போதும். நிலக்கடலைச் சுண்டல் பாரம்பரியம் என்று சொல்லாதீர்கள், நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தாளிக்கிற வரமிளகாயும் அமெரிக்கச் சரக்கு, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அப்துர் ரசாக் வந்த 1443ல் கொலம்பஸ் பிறக்கவே இல்லை. அன்று யாராவது சுண்டல் கொடுத்திருந்தால் அதில் மிளகுதான் இருந்திருக்கும்.

ஹாஸ்டல் நண்பர்களுக்காக: ராத்திரி ஊறப்போடுங்கள். உப்புப் போட்டு, விரலில் நசுங்கும், ஆனால் தோல் பிரியாத பதத்தில் வேகவிடுங்கள். தண்ணீரை நன்றாக வடிக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கிளறி, இறக்கிய பிறகு தேங்காய்ப்பூ. ஒரு முறை மிளகாய்க்குப் பதில் மிளகு தட்டிப் போட்டுப் பாருங்கள், விஜயநகரச் சுண்டல் ரெடி.

விஜயதசமி ராத்திரி ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் எல்லோரையும் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் போட வேண்டும். பல வீடுகளில் படுப்பது மரப்பாச்சி ராஜாதான். எங்கள் வீட்டில் அப்பத்தா படுக்க வைப்பது செட்டியாரை. ஒன்பது நாளும் கடையைத் திறந்து வைத்திருந்தவர் அவர்தானே என்கிறார்.