இருளில் சமநீதி

வீட்டுக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று வரம்பு கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அந்த வரம்பைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் விட்டதுதான் நம் மின்வரலாறு. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-இல் 210 மெகாவாட் அலகு ஒன்றோடு தொடங்கி, ஐந்து அலகுகளும் 1,050 மெகாவாட்டுமாக வளர்ந்தது. அதே மாவட்டத்தில், எட்டயபுரத்தைச் சுற்றிய கரிசல் ஊர்களின் குடிசைகளுக்கு அரசு வகுத்த அளவு மீட்டரில்லாத ஒற்றை விளக்கு, 40 வாட். அதைக் காக்கக் கருவி எதுவும் கிடையாது. விதி தாளில் இருந்தது, அவ்வளவே. அரசே வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தபோது அந்த விதியும் நெகிழ வேண்டியதாயிற்று. மற்ற வீடுகளுக்குக் காவல் பீங்கான் பீஸ் கட்டை. சுமை கூடினால் அதிலுள்ள மெல்லிய கம்பி உருகித் துண்டிக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை பீஸ் போனால், அடுத்த தடவை இரண்டு மூன்று இழையை முறுக்கிக் கட்டிவிடுவதே வழக்கம். அதோடு வரம்பும் போயிற்று.

வயலிலும் இதே கதைதான். மும்முனை மின்சாரத்தைச் சில மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்து, மற்ற நேரத்தில் பம்புசெட் ஓடாதபடி ஒரு முனையை நிறுத்தினார்கள். விவசாயிகள் கண்டென்சர் பொருத்தி, இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டினார்கள். வோல்டேஜ் விழுந்து ஊர் விளக்கெல்லாம் மங்கியது. 2012-இல் பற்றாக்குறை முற்றியபோது சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. தென்மாவட்டங்களுக்கோ அதைப்போலப் பல மடங்கு. 40 வாட் எரித்தவரும் 2,000 வாட் கெய்சர் வைத்திருந்தவரும் ஒரே இருளில் உட்கார்ந்தார்கள்.

ஒரு கெய்சர் இழுக்கும் மின்சாரத்தில் ஐம்பது குடிசை விளக்குகள் எரியும். ஆனால் விளக்குக்கு இல்லாத ஒரு குணம் கெய்சருக்கு உண்டு: அதனால் காத்திருக்க முடியும். தொட்டி நீர் சூட்டைப் பிடித்து வைப்பதால், கால்மணி நேரம் நிறுத்தினாலும் குளிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் நியூசிலாந்தில் 1950-களிலேயே மின்கம்பி வழியாகக் குறிப்பு அனுப்பி, நெருக்கடி நேரத்தில் வீட்டுச் சுடுநீர்த் தொட்டிகளை மட்டும் நிறுத்தினார்கள். வீட்டுக்குள்ளேயே இதைச் செய்ய ஒரு ரிலே போதும். மெயின் கம்பியில் மின்னோட்டம் குறித்த அளவைத் தாண்டினால் கெய்சரைத் துண்டிக்கும். தணிந்ததும் திரும்ப இணைக்கும்.

வெயில் காயும் கரிசலில் ஹீட்டர் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். அறையைச் சூடாக்க இங்கே யாரும் ஹீட்டர் போடுவதில்லைதான். ஆனால் காலையில் கெய்சரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடினால், அதுவும் வெப்பச் சுமைதான். ஸ்மார்ட் மீட்டர் பார்த்துக்கொள்ளாதா என்றால், அளவு மீறியதும் அதனால் வீடு முழுவதையும் துண்டிக்க முடியும். எது அடுப்பு, எது விளக்கு என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் அரசு தலையிடுவதா என்ற கேள்வி நியாயமானதே. தெருவையே இருட்டாக்குவது அதைவிடப் பெரிய தலையீடு. செலவைப் பொறுத்தவரை, கெய்சர் வாங்குபவர் ரிலேயையும் சேர்த்து வாங்கட்டும். ஒற்றை விளக்குக்காரர் தலையில் அது விழ வேண்டியதில்லை. அடுத்த பற்றாக்குறை வரும்போது வெட்டு முதலில் கெய்சருக்கு விழட்டும், விளக்குக்குக் கடைசியில்.