எண்ணைப் படித்த இயந்திரம், எழுத்தைப் படித்த மனிதர்

பெசன்ட் நகர் ராஜாஜி பவனைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பலருக்கு, தமிழ்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநரகம் அங்கேதான் இருக்கிறது என்பது தெரியாது. 2001 பிப்ரவரியில் நம் வீட்டுக்கு வந்த ஆசிரியர் எழுதிக்கொண்டு போன படிவம் பிறகு என்ன ஆயிற்று?

ஆட்களை எண்ணுவதைவிட, எழுதியதைத் தொகுப்பதுதான் பெரும்பாடு. 1890 அமெரிக்கக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளையும் அவற்றை எண்ணும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். நம் நாட்டில் வெகுகாலம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. குமாஸ்தாக்கள் அவற்றைக் கையால் பிரித்து எண்ணினார்கள். பின்னர் துளை அட்டை, அதன்பின் கணினியில் தட்டச்சு.

2001-ல் நாட்டின் மக்கள்தொகை 102 கோடியைத் தாண்டியது. அத்தனை பேரின் விவரத்தையும் தட்டச்சு செய்து மாளாது. ஆகவே படிவங்களை ஸ்கேன் செய்து, கையெழுத்து எண்களைக் கணினியே படிக்கும் முறை வந்தது. அதனால்தான் படிவம் முழுக்கச் சிறு கட்டங்கள். கோட்டைத் தொடாமல் எண்ணை எழுத வேண்டும்.

ஓர் எண்ணில் என்ன குழப்பம் என்று கேட்கலாம். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 1-க்கு மேலே நீளக் கொடி போட்டும், 7-க்கு நடுவே குறுக்குக் கோடு இழுத்தும் பழக்கம். எங்கள் 1 மற்றவர் கண்ணுக்கு 7. பதினோரு வயதுப் பையன் எழுபத்தேழு வயதுக் கிழவனாகிவிடுவான்! இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்த எண்களைத் திரையில் பார்த்து ஊழியர்கள் திருத்தினார்கள்.

எழுத்து வேறு கதை. படிவங்கள் 16 மொழிகளில் இருந்தன. தாய்மொழி, தொழில் போன்றவற்றைச் சொல்லாக எழுதியிருந்தால் இயந்திரத்துக்குப் புரியாது. அந்தப் பகுதியின் படத்தை மட்டும் திரையில் காட்டும். மனிதர் படித்து உரிய குறியீட்டைக் கொடுப்பார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 6,661. மொழி அறிஞர்கள் ஆராய்ந்து அவற்றை 1,635 தாய்மொழிகளாக வகுத்தார்கள்; அவை 122 மொழிகளுக்குள் அடங்கின. சௌராஷ்டிரம் என்று சொன்ன மதுரைக்காரர் குஜராத்தியின் கீழும், படகு என்று சொன்ன நீலகிரிக்காரர் கன்னடத்தின் கீழும் வந்தார்கள். அது சரியா என்ற வாதம் இன்றும் உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன பெயரும் தாய்மொழிப் பட்டியலில் தனியே நிற்கிறது. வாசலில் நின்ற ஆசிரியர் அதைச் சொன்னபடியே எழுதியதால்தான் அது சாத்தியமாயிற்று.

அடுத்த கணக்கெடுப்பில் காகிதத்துக்குப் பதில் கைபேசி வருகிறது. கேட்கிறவரிடம் நம் பதிலைத் தெளிவாகச் சொல்வோம்; பதிந்ததை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்வோம்.