புள்ளலூர்ப் போர்க்களமும் ஏலத்திற்கு வந்த ஓவியமும்



ஐயம்பேட்டையில் தறி பூட்டி வாழும் நம் குடும்பங்களில், பழுதுபட்ட பொருளைக் கண்டால் “இது ஐதர் காலத்துச் சாமான்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் நம் வாசலுக்கே வந்து போரிட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள புள்ளலூர்தான் அந்தக் களம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் பல்லவனும் சாளுக்கியனும் மோதிய மண்ணும் அதுவே.

2022 மார்ச் 30 அன்று லண்டன் சோத்பி நிறுவனத்தின் ஏலத்தில் ஓர் ஓவியம் 6,30,000 பவுண்டுக்கு விற்பனையானது. சுமார் 32 அடி நீளம். பத்துப் பெரிய தாள்களில் தீட்டப்பட்டுத் துணியில் ஒட்டப்பட்டது. அதிலிருந்தது நம் புள்ளலூர்!

பள்ளிவாசல் இமாமுக்கு ஓவிய ஏலத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டம் இங்கே நம் பேச்சன்று. ஒரு சமுதாயத்தின் வரலாற்றை யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதே நம் கவலை. அது சாட்சியம் பற்றிய விஷயம். சாட்சியம் என்று வந்துவிட்டால் அது நம் வேலைதான்.

1780 செப்டம்பர் 10. கர்னல் பெய்லி என்ற ஆங்கிலத் தளபதி ஏறத்தாழ 3,800 பேருடன் காஞ்சிபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். அங்கே ஹெக்டர் மன்றோ பெரும்படையுடன் காத்திருந்தார். இருவரும் சேருமுன் மைசூர்ப் படை பெய்லியை வளைத்துக்கொண்டது. இரும்புக் குழாய்களில் மருந்தடைத்த ராக்கெட்டுகள் சீறின. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை அழிந்தது. செய்தி கேட்ட மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். சிறைப்பட்ட பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

இவ்வெற்றியை 1784-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டச் செய்தார். அதே காட்சிதான் தாளில் ஏலத்திற்கு வந்தது. பெய்லி பல்லக்கில் ஒடுங்கி அமர்ந்திருக்க, யானை மேலுள்ள திப்பு அமைதியாகப் பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார். வென்றவர் சொன்ன கதை அது.

தோற்றவரின் நாட்டார் சொன்ன கதை வேறு. புள்ளலூரில் சிறைபிடிக்கப்பட்டவர்களில் டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் விலங்குடன் சிறையில் கிடந்தார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படைக்கு அவரே தலைமை தாங்கினார். அன்றுதான் திப்பு ஷஹீதானார். பெயர்ட் இறந்த பிறகு அவர் மனைவியின் விருப்பத்தின்பேரில் டேவிட் வில்கி என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1839-ல் பெரிய தைலவண்ண ஓவியம் ஒன்றை முடித்துக் கொடுத்தார். விளக்கொளியில் வாளுடன் நிமிர்ந்து நிற்கிறார் பெயர்ட். காலடியில் சுல்தானின் உடல். கீழே பழைய சிறையின் கம்பிகள். வில்கி இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். கிழக்கைக் காணாமலே கிழக்கைத் தீட்டுவது அக்காலத்து ஐரோப்பாவில் சாதாரணம். அவ்வகை ஓவியங்கள் இன்றும் நல்ல விலை போகின்றன. நம்மவரும் அதில் உண்டு: துருக்கியின் உஸ்மான் ஹம்தி பே 1880-ல் தீட்டிய, குர்ஆன் ஓதும் பெண்ணின் தைலவண்ண ஓவியம் 2019-ல் லண்டனில் 63 லட்சம் பவுண்டுக்குமேல் விலைபோயிற்று. அவர் வரைந்தது தம் சொந்த ஊரின் உடையும் ஓடும் விரிப்பும். வில்கிக்கு அந்த வாய்ப்பில்லை.

புள்ளலூர் ஓவியத்தைப் பார்த்து நம் நெஞ்சு நிமிர்வது இயல்பே. எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியுடன் சாட்சி சொல்லும்படி சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம் நம்மைக் கட்டளையிடுகிறது. அவ்வாறு சொல்வதானால், 1780-ல் கணவாய்களைக் கடந்து இறங்கிய ஐதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமையின் ஊர்களை எரித்தது, விளைநிலங்களைப் பாழாக்கியது. உழவனும் நெசவாளியும் உயிர் பிழைக்க ஓடினார்கள். தொடர்ந்து பஞ்சமும் வந்தது. சிறைப்பட்ட ஆங்கிலேயர் சிலருக்குக் கட்டாயமாகச் சுன்னத்து செய்யப்பட்டதையும் மறைப்பதற்கில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்பதை நாம் அறிந்திருக்க, அதற்கு வக்காலத்து வாங்க என்னால் இயலாது. அந்நியரை எதிர்த்து வாளுடன் மடிந்த சுல்தானின் வீரத்தை இது குறைத்துவிடாது. வீரம் வேறு, பாழான வயல் வேறு. இரண்டையும் அப்படியே சொல்ல வேண்டும்.

இரு ஓவியங்களிலும் தறியோ ஏரோ கிடையாது. புள்ளலூர் ஓவியத்தில் பெய்லியின் வரிசையில் நிற்கும் சிப்பாய்களை மட்டும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அப்படையில் பெரும்பாலோர் வெள்ளையரல்லர். கும்பினியிடம் சம்பளம் வாங்கிய இந்நாட்டு மக்கள். இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒரே நாளில் அவர்களும் மைசூர்ப் படையின் நம்மவர்களும் இம்மண்ணில் விழுந்தார்கள்.

மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அங்கே இரண்டாம் போரும் நடந்தது. அதில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூண்கள் புள்ளலூரில் உள்ளன. அவற்றில் உள்ளவை அவ்விருவரின் பெயர்கள்.