கேரகலும் வல்லூறும்: அரசவை வேட்டையில் ஒரு காட்டுப்பூனையும் ஒரு பறவையும்

இன்றைய கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்திலுள்ள கல்யாணைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் நூலின் 100 அத்தியாயங்களுள் ஒன்று, பயிற்றப்பட்ட இரைகொல்லிப் பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கேளிக்கைக்கு உரியது. வட இந்திய அரசவைகளில் இதே பணிக்கு வேறொரு விலங்கும் பழக்கப்பட்டது. அது, பாரசீக மொழியில் 'கருங்காது' எனப் பொருள்படும் சியாகோஷ் என அழைக்கப்பட்ட, வறண்ட புதர்நிலங்களிலும் பாலையோரங்களிலும் வாழும் கேரகல் என்ற காட்டுப்பூனை.

வல்லூறு வானிலிருந்து பாய்கிறது. பொரி வல்லூற்றின் பாய்ச்சல் மணிக்கு 300 கிலோமீட்டரைக் கடக்கும். கேரகலோ தரையில் பதுங்கிச் சென்று, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் எம்பி, பறந்தெழும் பறவையை முன்னங்கால்களால் அடித்து வீழ்த்துகிறது. இரை மேயும் புறாக் கூட்டத்தில் அதை ஏவி, ஒரே பாய்ச்சலில் எத்தனை வீழும் எனப் பந்தயம் கட்டியதும் உண்டு, கொடுமையான கேளிக்கைதான். முன்பு முயலையும் நரியையும் மட்டுமே பிடித்த சியாகோஷ், அக்பர் காலத்தில் புல்வாய் மானையும் கொன்றதாக 'அயினி அக்பரி'யில் எழுதும் அவரது அவை வரலாற்றாசிரியர் அபுல் பசல், அதற்கு நாளொன்றுக்கு ஒரு சேர் இறைச்சி அளிக்கப்பட்டதையும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்பாளர் இருந்ததையும் குறிப்பிடுகிறார்.

இருந்தும் அரசவை மதிப்பில் முந்தியது வல்லூறுதான். பறவையின் துரத்தலை அவை முழுவதும் அண்ணாந்து நெடுநேரம் காண முடிந்தது. பூனையின் வெற்றியோ கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அது மட்டுமன்றி, கையில் ஏந்திச் செல்லும் பறவை ஏந்தியவரின் தகுதிக்கும் அடையாளமானது.

வேட்டைக்குப் பழக்கப்பட்டவை கேரகலும் வல்லூறும் மட்டுமல்ல; பெங்களூரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் ஆண்ட திப்பு சுல்தானிடம் இருந்தவை சிவிங்கிப்புலிகள். புல்வாய் மான்கள் மேய்ந்த மைசூர்ச் சமவெளிகளுக்கு அவையே பொருந்தின. வல்லூற்றைப் போலவே, இரை கண்ணில் படும் வரை அவற்றின் கண்களும் தலைமூடியால் மறைக்கப்பட்டன. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவை பிரிட்டிஷ் படைத்தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் பொறுப்புக்கு வந்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகை வேட்டைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பொரி வல்லூற்றின் உள்நாட்டுத் துணையினமான ஷாஹீன் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் இன்றும் கூடு கட்டுகிறது. கேரகலோ இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தானிலும் கச்சிலும் மட்டும், மிகச் சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ளது.