கம்பியில்லாக் குரலின் கதை

போர்க்களத்தில் பிறந்தது என்று பலரும் கருதும் ஒரு கருவி, உண்மையில் காட்டில் தனித்துவிடப்பட்ட மனிதனின் அபயக்குரலைச் சுமப்பதற்காகப் பிறந்ததாகும். ‘வாக்கி டாக்கி’ என்று உலகம் வழங்கும் கையடக்க இருவழி வானொலியே அக்கருவி. கனடாவின் வடபுலக் காடுகளின் மேல் சுரங்க நிறுவனம் ஒன்றின் சிறு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. பழுதுற்றுத் தரையிறங்கினால் அக்கம்பக்கத்தில் மனித வாடையே இராது. அவ்விமானிகள் தம் இருப்பிடத்தை அறிவிக்க உதவும் பொருட்டு, அந்நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்ட் ஹிங்ஸ் 1937ஆம் ஆண்டில் தூக்கிச் செல்லத்தக்க வானொலி ஒன்றை அமைத்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆல் கிராஸ் என்னும் இளைஞரும் தம் சொந்த முயற்சியால் இத்தகைய கருவியை உருவாக்கினார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இக்கருவி படைக்கு அழைக்கப்பட்டது. சிகாகோ நகரின் கால்வின் நிறுவனம், பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர் மாறிய அதே நிறுவனம், ‘எஸ்.சி.ஆர். 536’ என்னும் கைக்கருவியைச் செய்து தந்தது. ஐந்து வால்வுகள், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம், அலைவாங்கிக் கம்பியை வெளியே இழுத்தால் கருவி விழித்துக்கொள்ளும். தரையில் அதன் குரல் ஏறக்குறைய ஒரு மைல்தான் எட்டியது. வீரர்கள் அதனை ‘ஹேண்டி டாக்கி’ என்றனர். ‘வாக்கி டாக்கி’ என்ற பெயர் அன்று முதுகில் சுமந்த பதினைந்து கிலோவுக்கும் மேற்பட்ட பெருங்கருவிக்கே உரியதாயிருந்தது. காலப்போக்கில் சுமைக்காரனின் பெயர் சிறியவனுக்கு வாய்த்துவிட்டது!

போர் முடிந்ததும் மேலைநாடுகளில் இக்கருவி மெல்ல மெல்லக் குடிமக்களிடம் திரும்பியது. அமெரிக்க அரசு 1945இலேயே பொதுமக்களின் வானொலிக்கென அலைவரிசையில் இடம் ஒதுக்கியது. 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியையும் திறந்துவிட்டது. மலாயாவின் நிலைமையோ வேறு. 1948 முதல் 1960 வரை நாடு அவசரகாலத்தின் பிடியில் இருந்தது. 1950ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், உரிமமின்றி ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. துப்பாக்கியை ஐயுற்ற காலம் வானொலியையும் ஐயுற்றதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அவசரகாலம் முடிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகும்வரை அச்சட்டம் நிலைத்திருந்ததுதான். ஆகவே நம் மக்களுக்கு இக்கருவி காவலரின் இடுப்பிலும் படைவீரரின் தோளிலும் கண்ட பொருளாகவே இருந்துவந்தது.

இவ்விடத்தில்தான் பினாங்கு இக்கதைக்குள் நுழைகிறது. 1969இல் தீவு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ தலைமையில் 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் உருவானது. 1974இல் மோட்டோரோலா அங்கே கால் பதித்தது. எஸ்.சி.ஆர். 536ஐ ஈன்ற நிறுவனத்தின் இருவழி வானொலிகளுக்குப் பினாங்குப் பெண்களின் விரல்கள் உறுப்புகளைப் பொருத்தின. பின்னர் ஆய்வும் வடிவமைப்புமே இங்கு நடைபெறலாயின. ஜுரு, பிறை, பட்டர்வொர்த் முதலிய பெருநிலப் பகுதிகளிலிருந்து தீவின் ஆலைகளுக்குச் சென்றோர்க்கு, 1985இல் பாலம் திறக்கப்படும் வரை பெர்ரியே துணை. இரவு வேலைக்குச் சென்ற மகள் கரையேறினாளா என்பதை அறிய, தொலைபேசி இல்லாத தோட்டவீட்டுத் தாய்க்கு வழி ஏது? தொலைவிலுள்ள குரலை அருகே கொணரும் கருவியைப் பூட்டிய கைகளுக்கே அக்கருவியை எளிதில் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. இந்த முரண் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை.

பூட்டைத் திறந்தது விஞ்ஞானம் மட்டுமன்று, சட்டமும்தான். ஆஸ்திரேலியா 1977இல் 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் குடிமக்களுக்கு வழங்கியது. அமெரிக்கா 1996இல் அரை வாட் ஆற்றலும் 14 வழிகளும் கொண்ட குடும்ப வானொலிச் சேவையை அமைத்தது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்புத்துறை, பல்லூடகச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன்கீழ், 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசும், சிரிம் சான்று பெற்ற சிறு கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என்றாயிற்று. நூறு, இருநூறு வெள்ளிக்கு ஓர் இணை கருவி சாமானியரின் வீட்டுக்குள் வந்தது.

இதன் பயனை அளவறிந்து சொல்லவேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பலாகாது. மலையுச்சியிலிருந்து தடையற்ற சமவெளியை நோக்கிப் பேசுவோர்க்கே அத்தூரம் கைகூடும். ஜுருவின் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் இடையே ஓரிரு கிலோமீட்டர் எட்டினாலே மிகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஒருசேரப் பேச இயலாது. தைப்பூச நாளில் தண்ணீர்மலை வழியில் பிரிந்துபோன குடும்பத்தார்க்கு இந்த அளவே போதும்.

கைத்தொலைபேசி வந்தபின் இது எதற்கு என்ற கேள்வி எழலாம். கைத்தொலைபேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். இக்கருவிக்கோ எதிரே இன்னொரு கருவி இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். அதே நாளில் அந்தமானின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அங்கு வானொலிப் பணிக்காகச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, போர்ட் பிளேரிலிருந்து தம் வானொலி வழியே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அவருடையது தேர்வெழுதி உரிமம் பெற்றோர் கையாளும் ஆற்றல்மிக்க கருவி. வீட்டுக் கருவியோடு அதனை ஒப்பிடலாகாது. எனினும் கம்பியும் கோபுரமும் வேண்டா என்னும் இயல்பு இரண்டுக்கும் பொது. 2017 நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய பெருமழையிலும் காற்றிலும் செபராங் பிறையின் தாழ்நிலங்கள் மூழ்கின. மாநிலத்தில் எழுவர் இறந்தனர். அத்தகைய இரவில் மாடியில் நிற்கும் மகனும் அடுத்த சாலையில் தனித்திருக்கும் பாட்டியும் பேசிக்கொள்ள அரை வாட் ஆற்றலே மிகுதி. ஆயின் எந்த வழியில், எந்த நேரத்தில் பேசுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும். மின்கலங்களும் கைவசம் இருக்கவேண்டும்.

இவ்வானொலியில் இரகசியம் இல்லை. ‘தனிக்குறி’ என்று விற்போர் புகழும் வசதி பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமேயன்றி, நம் பேச்சைப் பிறர் கேளாமல் மறைக்காது. அதே வழியில் கருவியைத் திறந்து வைத்திருக்கும் முன்பின் அறியாத அயலாரும் நாம் பேசுவதைக் கேட்பர்; உதவி கோரினால் அதையும் கேட்பர்.