கிரிப்டோ கட்டண இடைநிலைச் சேவை

வாங்குபவர் செலுத்தும் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தைப் பெற்று, பெரும்பாலும் டாலர் முதலிய அரசு நாணயமாக மாற்றி வணிகருக்கு வழங்கும் மூன்றாம் தரப்பு நிறுவனம். அமெரிக்காவில் 2011இல் தொடங்கிய பிட்பே இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. சேவைக் கட்டணத்தைப் பொதுவாக வணிகர் ஏற்பார். பரிமாற்றத்தைப் பிளாக்செயினில் பதிவதற்கான வலையமைப்புக் கட்டணம் வாங்குபவர் தலையில் விழும். பின்னது அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று; பரிமாற்றத் தரவின் அளவையும் வலையமைப்பின் நெரிசலையும் பொறுத்தது. எனவே சிறு கொள்முதல்களையே அது கடுமையாகத் தாக்குகிறது. ஸ்டீம் விளையாட்டு அங்காடி 2016இல் பிட்காயினை ஏற்றபோது ஏறத்தாழ 0.20 டாலராக இருந்த இக்கட்டணம், 2017 டிசம்பரில் 20 டாலரை நெருங்கியது. அங்காடி அம்முறையைக் கைவிட்டது. பணம் செலுத்தக் குறித்த காலக்கெடுவைத் தாண்டி வந்த பணத்தைத் திருப்பி அனுப்பவும் மீண்டும் வலையமைப்புக் கட்டணம் உண்டு. இடைத்தரகரின்றிப் பணம் அனுப்பவே பிட்காயின் வடிவமைக்கப்பட்டது என்பதால், இச்சேவை அந்நோக்கத்துக்கே முரணானது. 2017இல் மாற்றாக உருவான பிடிசிபே சர்வர் என்னும் திறமூல மென்பொருளில் சேவைக் கட்டணம் இல்லை. வலையமைப்புக் கட்டணம் அதிலும் உண்டு.