பேறுகாலக் கவனிப்பு, தாமிரபரணிப் பகுதி

தாமிரபரணிக் கரையூர்களில் சூலுற்ற பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வீடு, கோயில், மருத்துவமனை ஆகியவற்றில் நடந்துவந்த பராமரிப்பைக் குறிக்கும். ஆறும் துணையாறுகளும் பாயும் நிலம் இன்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அடங்குகிறது.

முற்காலம் பற்றி எழுத்துச் சான்று குறைவு. சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள் சில, கருவோடு இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக வழிப்போக்கர் சுமையேனும் இறங்கட்டும் என்பது நம்பிக்கை. பல கற்கள் வெறும் வழித்தருமமே என்பாரும் உளர். எழுத்து வெட்டப்படாத கல்லைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பேறு பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. பெரும்பாலும் மருத்துவர் குலத்துப் பெண். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது வழக்கம். பெற்றவளுக்குக் கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களியை நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருவர்; இடுப்புக்கு வலு என்பர். நெல்லையப்பர் கோயிலில் ஆடிப்பூரத் திருவிழாவின்போது காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் மிஷன் மருத்துவமனைகள் வந்தன. நாசரேத்து தூய லூக்கா மருத்துவமனை அவற்றுள் ஒன்று. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. பின்னதன் மருத்துவமனைக்கு ஊரார் வைத்த பெயர் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.

1980களுக்குப் பின் சான்றுகள் பெருகுகின்றன. கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊரார் சொல்லும் நர்சம்மா, கருவுற்றவரைப் பதிவுசெய்து எடை, இரத்த அழுத்தம் பார்த்து, ரணஜன்னித் தடுப்பூசி போட்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் மலம் கறுத்ததைக் கண்டு பயந்து நிறுத்தியவர்களுக்கு விளக்குவதும் அவர் வேலையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தொடங்கியது 1987இல் என்பர். 1989 என்றும் கூறுவதுண்டு. உதவித்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது.

1990களின் நடுவிலிருந்து பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் மாநில அரசு விசாரிக்கத் தொடங்கி, 2004இல் அதைக் கட்டாயமாக்கியது. உதிரப்போக்கா, வலிப்பா, கிருமித்தொற்றா என்பதோடு விசாரணை நிற்பதில்லை: வீட்டார் கிளம்பத் தாமதித்தனரா, வண்டி கிடைக்கவில்லையா, மருத்துவமனை சேர்ந்தபின் காத்திருக்க நேர்ந்ததா என்றும் கேட்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடும், சிக்கலான பிரசவங்களுக்குச் சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்களும், 2008இல் 108 ஆம்புலன்சும் வந்தன. இவற்றைவிடச் சிறிதாகத் தோன்றினும் 2004இன் மற்றோர் ஆணை குறிப்பிடத்தக்கது: அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்றது அது. மருத்துவச்சி காலத்தில் இதற்கு ஆணை தேவைப்பட்டதில்லை.

மாநிலத்தில் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2001-03இல் 134, 2018-20இல் 54. இச்சரிவில் எத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்தொற்றுமை இல்லை. அண்மையில் 11 சித்த மருந்துகள் கொண்ட மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகம், கர்ப்பப் பதிவு எண் ஆகியவை நடைமுறைக்கு வந்துள்ளன. 2019இல் தென்காசி தனி மாவட்டமானதால், அதற்குப் பிந்திய திருநெல்வேலி மாவட்டக் கணக்குகளை முந்தியவற்றோடு நேராக ஒப்பிட இயலாது.